பெட்டி ஆடுகிறது, மூடி இறுகுகிறது: குறையை வைத்துக் காரணம் பிடிப்பது எப்படி

விறாந்தையில் ஒரு பழைய மேசை, ஒரு கைவாள், ஒரு சீவுளி, இரண்டு உளி, ஒரு சுத்தியல். இவ்வளவோடு மரப்பெட்டி செய்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடைக்குப் பணப்பெட்டி, திருக்கடலூர்ப் பக்கம் தூண்டில் சாமான் போட ஒரு பெட்டி, சாமியறையில் விபூதியும் கற்பூரமும் வைக்கச் சின்னதாக ஒன்று என்று திருகோணமலையில் கேட்கிற ஆட்களுக்குக் குறைவில்லை. 2022 இல் டொலர் ஏறிய பிறகு பிளைவூட், ஸ்குரூ ஆணி, வார்னிஷ் எல்லாமே கைக்கு எட்டாத விலைக்குப் போய்விட்டன. ஒரு பெட்டி பிழையாகப் போனால் அதை எறிந்துவிட்டு இன்னொன்று செய்ய யாருக்கும் மனம் வராது.

பெட்டியில் குறை தெரிகிற இடம் ஒன்று, அது பிறந்த இடம் வேறு. மூடி பொருந்தவில்லை என்று மூடியையே சீவிக்கொண்டிருப்போம். கோளாறு அடிப்பலகையில் கிடக்கும், அல்லது பலகை வாங்கின மாதத்தில் கிடக்கும். புதுக் கருவி வாங்கினால் சரியாகும் என்று நினைக்கிற குறைகளில் அரைவாசிக்கு மேல் கருவியோடு சம்பந்தமே இல்லாதவை.

எதற்கும் முதலில் உங்கள் மூலைமட்டத்தைச் சோதியுங்கள். நேரான ஓரம் உள்ள பலகையில் மட்டத்தை வைத்து மெல்லிய பென்சிலால் ஒரு கோடு. மட்டத்தை மறுபக்கம் புரட்டி அதே புள்ளியில் இருந்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் நல்லது. விரிந்து போனால், விரிவின் பாதிதான் மட்டத்தின் உண்மையான பிழை. பெரிய ஹாட்வெயார்க் கடையிலும் பிழையான மட்டம் தொங்கும். காசு கொடுப்பதற்கு முன் கடை மேசையிலேயே கோடு போட்டுப் பார்க்கக் கூச்சப்பட வேண்டாம்.

மேசையில் வைத்தால் ஆடுகிறது

முதலில் சந்தேகப்பட வேண்டியது மேசையை. பெட்டியைக் கால் வட்டம் திருப்பி வையுங்கள். ஆட்டம் பெட்டியின் அதே மூலைகளோடு சேர்ந்து திரும்பினால் பிழை பெட்டியில். மேசையின் அதே இடத்திலேயே நின்றால் பிழை மேசையில். விறாந்தைச் சீமெந்துத் தரையை நம்ப வேண்டாம், மழைத்தண்ணி ஓட வாட்டம் வைத்தே பூசியிருப்பார்கள். வீடு கட்டி மிஞ்சிய 2 அடி டைல் ஒன்று கிடைத்தால் அதைவிட மலிவான சமதளம் இல்லை. டைலும் சிலவேளை நடுவில் வளைந்திருக்கும். இரும்பு அடிமட்டத்தைக் குறுக்கே நிறுத்தி, அடியால் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்து எடுங்கள்.

பிழை பெட்டியில்தான் என்றால், பெட்டியின் மேல்வாயில் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்றாக இரண்டு நேரான அலுமினியப் பட்டிகளை வைத்து, குனிந்து கண்மட்டத்தில் பாருங்கள். முன்பட்டியின் மேல் ஓரமும் பின்பட்டியின் மேல் ஓரமும் ஒரே கோடாகத் தெரிய வேண்டும். ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கினால் பெட்டி முறுக்கிக்கொண்டு நிற்கிறது. பலகை முறுக்கலாக இருந்திருக்கலாம். இல்லாவிட்டால், கம் பூசி இறுக்கின நேரம் பெட்டி சமதளத்தில் இருக்கவில்லை. மடியில் வைத்து ஆணி அடித்த பெட்டிகள் முக்கால்வாசியும் இப்படித்தான்.

முறுக்கல் சின்னதென்றால் திருத்தலாம். 80 ஆம் இலக்க சாண்ட் பேப்பரை டைலில் ஒட்டி, பெட்டியின் அடி ஓரம் முழுக்கப் பென்சிலால் கிறுக்கிவிட்டு, பெட்டியை வட்டமாகத் தேயுங்கள். கிறுக்கல் எல்லா இடமும் அழிகிற நேரம் நிறுத்தலாம். ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒன்று, அதற்கு மேல் ஆடுகிற பெட்டியைத் தேய்க்கப் போகாதீர்கள். ஒரு பக்கம் உயரம் குறைந்து கண்ணுக்கே தெரியும். அதற்கு நாலு சின்னக் கால் ஒட்டி, ஒன்றை மட்டும் சீவிக் குறைப்பது மானத்தைக் காப்பாற்றும்.

மூலைவிட்டம் இரண்டும் ஒத்துவரவில்லை

9 அங்குலத்துக்கு 12 அங்குலப் பெட்டி என்றால் மூலைக்கு மூலை சரியாக 15 அங்குலம் வர வேண்டும். இந்த அளவில் பெட்டி செய்தால் கணக்குப் போடவே தேவையில்லை. வேறு அளவென்றாலும் பரவாயில்லை, இரண்டு மூலைவிட்டமும் சமமாக இருந்தால் போதும். அளவு ரேப்பின் கொக்கி மூலைக்குள் சரியாக உட்காராது. நுனி சீவிய இரண்டு மெல்லிய கம்புகளைச் சேர்த்துப் பிடித்து, மூலைக்கு மூலை முட்டும் வரை விரித்து, சேர்கிற இடத்தில் பென்சிலால் ஒரு கீறு போடுங்கள். பிறகு மற்ற மூலைவிட்டத்தில் வைத்துப் பாருங்கள். ரேப்பில் தெரியாத பிழை இதில் தெரியும்.

கம் காயவில்லை என்றால் வேலை இலகு. எந்த மூலைவிட்டம் நீளமோ அந்த இரண்டு மூலைகளையும் ஒன்றையொன்று நோக்கி அமுக்கினால் பெட்டி சதுரத்துக்கு வரும். வெள்ளைப் பைண்டர் கம் நம்முடைய வெயிலில் சீக்கிரம் இழுத்துவிடும், பகல் பதினொரு மணிக்கு மேல் பத்து நிமிடம்கூடக் கிடைக்காது. அதனால் ஒட்டுகிற வேலையை விடியவோ பின்னேரமோ வைத்துக்கொள்ளுங்கள். இறுக்கக் கிளாம்ப் இல்லையென்றால் சைக்கிள் கடையில் எறிகிற பழைய ரியூப்பை ஒரு அங்குல அகலத்தில் நீட்டாக வெட்டி, பெட்டியைச் சுற்றி இழுத்துக் கட்டலாம். நாலு மூலைக்கும் ஒரே அளவு அழுத்தம் தருவதில் அது கிளாம்பைவிட நல்லது என்றுதான் சொல்வேன்.

காய்ந்த பிறகு கண்டுபிடித்தால் பெட்டியை விட்டுவிடுங்கள். மூடியைப் பெட்டியின் கோணலுக்கே வெட்டுங்கள், ஒருவருக்கும் தெரியாது. அடுத்த தடவைக்கு, எதிரெதிர்ப் பலகைகள் ஒரே நீளமா என்று பார்க்க வேண்டும். இரண்டையும் டைலில் நெட்டுக்கு நிறுத்தி, சேர்த்துப் பிடித்து, மேல்நுனியில் விரலை ஓட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத படி விரலுக்குத் தட்டுப்படும். அடிக்குப் பிளைவூட் போடுவதாக இருந்தால் முதலில் அதைத்தான் சரியான சதுரமாக வெட்ட வேண்டும். பிறகு அதுவே பெட்டியை மட்டத்துக்கு இழுத்து வைத்திருக்கும்.

45 பாகை மூலை வாய் பிளக்கிறது

இடைவெளி வெளிப்பக்கமா உள்பக்கமா என்பதுதான் கேள்வி. வெளிப்பக்கம் திறந்து, உள்பக்கம் முட்டி நின்றால் பலகையின் நுனி மொட்டையாக இருக்கிறது, 45 பாகைக்குக் குறைவாகச் சாய்த்து வெட்டியிருக்கிறீர்கள். உள் ஓரத்தில் இருந்து மெல்லச் சீவினால் மூடும், பலகையின் நீளமும் குறையாது. உள்பக்கம் திறந்து வெளிநுனிகள் முட்டினால் நுனி அளவுக்கு மிஞ்சிக் கூர். இதைத் திருத்த நுனியில் இருந்து சீவ வேண்டும், நீளம் குறையும், எதிர்ப்பலகையையும் அதே அளவு குறைக்க வேண்டி வரும்.

மூன்று மூலை அழகாகச் சேர்ந்து நாலாவது மட்டும் திறக்கிறதா? அந்த நாலாவது மூலையில் பிழை இல்லை. எட்டு வெட்டிலும் அரை அரைப் பாகை பிழைத்து, எல்லாம் சேர்ந்து 4 பாகையாகக் கடைசி மூலையில் தெரிகிறது. 12 மில்லிமீற்றர்ப் பலகையில் அது 1 மில்லிமீற்றருக்கு மேல் வாய் பிளக்கும். அந்த மூலையை மட்டும் சீவிச் சரிக்கட்டப் போனால் பெட்டி சதுரம் கெடும். எட்டு வெட்டையும் ஒரே சாய்வுக்குக் கொண்டு வர வேண்டும்.

ஒட்டிக் காய்ந்த பெட்டியில் கடதாசித் தடிப்பளவு வெளி இடைவெளி என்றால், இடைவெளிக்குள் கொஞ்சம் கம் விட்டு, ஸ்குரூட்ரைவரின் உருண்டைக் கம்பியால் மூலை ஓரத்தை இரண்டு பக்கமும் அழுத்தித் தேயுங்கள். நார் மடிந்து வாய் மூடும். பிறகு ஈரம் காய்வதற்குள் அதே மரத்தின் தூளைத் தூவிச் சாண்ட் பேப்பர் போடுங்கள். இதைவிடப் பெரிய இடைவெளிக்குத் தூளும் கம்மும் குழைத்து அடைப்பது வேண்டாத வேலை. வார்னிஷ் பூசினவுடன் அந்தக் கலவை கறுத்து, குறை கோடு போட்டுக் காட்டும். அதே மரத்தில் சீவல் ஒன்று எடுத்து, கம் பூசி, இடைவெளிக்குள் செருகி, காய்ந்த பிறகு மட்டமாகச் சீவுங்கள்.

கைவாளோடு பெட்டி செய்கிறவருக்கு 45 பாகை மூலை எதற்கு என்றுதான் எனக்குத் தோன்றும். வெட்டுமுகமும் வெட்டுமுகமும், அதாவது நார் குறுக்கே அறுபட்ட முகங்கள், சேர்கிற இடத்தில் கம்முக்குப் பலம் குறைவு, அழகுக்காக மட்டும் படுகிற பாடு அது. ஒரு பலகையின் முனையில் பாதித் தடிப்புக்குப் படி வெட்டி, மற்றப் பலகையை அதற்குள் உட்கார வைத்து, மூங்கில் ஆணி அடித்தால் காலத்துக்கும் நிற்கும். மூங்கில் ஆணிக்குப் பெரிய செலவு இல்லை. கடைகளில் கட்டாக விற்கிற, இறைச்சி கோர்த்துச் சுடுகிற மூங்கில் குச்சி பெரும்பாலும் 3 மில்லிமீற்றர் அளவு. குச்சியை அளந்து, அதே அளவு டிரில்லால் சற்றுச் சரிவாகத் துளைத்து, கம் தொட்டு அடித்து, வெளியே நிற்கிறதை அறுத்துவிடுங்கள். ஒரு மூலைக்கு மூன்று போதும். ஒன்றை இடப்பக்கம் சரித்தும் அடுத்ததை வலப்பக்கம் சரித்தும் அடித்தால் பலகையைப் பிடித்து இழுத்தாலும் கழராது.

வாள் கோடு விட்டுப் போகிறது

எப்போதும் ஒரே பக்கம் இழுக்கிறதென்றால் உங்கள் கையில் பிழை இல்லை. அந்தப் பக்கத்துப் பற்கள் அதிகம் வெளியே வளைந்திருக்கின்றன. வாளைத் தட்டையாகக் கிடத்தி, எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கத்துப் பல்வரிசை மேல் சாணைக்கல்லை ஒரே ஒருமுறை மெதுவாக இழுத்து, வெட்டிப் பார்த்து, தேவையென்றால் மறுபடி. பல் நுனி கருநீலமாக இருக்கிற வாளை அரம் போட்டுக் கூராக்க முடியாது, அது சூடேற்றி இறுக்கின பல். அந்த வாள் மழுங்கினால் மாற்றத்தான் வேண்டும். கையில் இருக்கிற காசுக்கு ஒரே ஒரு பொருள் என்றால் நான் நல்ல வாளைத்தான் சொல்வேன்.

ஒட்டின இடம் விட்டுப் போகிறது

விட்டுப்போன இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், அங்கேயே பதில் இருக்கும்.

ஒரு பக்கம் கம் பளபளப்பாக, மேலே தொட்டால் கண்ணாடி மாதிரி வழுக்கினால், பலகையைச் சேர்க்க முன்பே கம் மேல்தோல் போட்டுவிட்டது. அல்லது மற்றப் பக்கத்தில் எண்ணெயோ பழைய பெயின்றோ இருந்தது. இரண்டு பக்கமும் கம் இருந்தும் நடுவில் ஒட்டவே இல்லையென்றால் பலகைகள் ஒன்றையொன்று தொடவில்லை. வெள்ளைக் கம் இடைவெளியை நிரப்பிப் பிடிக்கிற சாமான் இல்லை. பலகை சேர வேண்டும், கம் பிடிக்கும். கம்மோடு சேர்த்து மர நார் பிய்ந்து வந்திருந்தால் கம்மைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மரமே விட்டிருக்கிறது, மூட்டின் அமைப்பை மாற்றுங்கள்.

தேக்குக்கு ஒரு தனிக் கவனம். அதில் இயற்கையாகவே எண்ணெய்த்தன்மை உண்டு. ஒட்டுகிற முகத்தைத் தின்னர் தொட்ட துணியால் துடைத்து, காய்ந்தவுடன், அன்றைக்கே ஒட்ட வேண்டும். நேற்றுச் சீவி வைத்த தேக்கை இன்றைக்கு ஒட்டுவதாக இருந்தால் சாண்ட் பேப்பரால் மறுபடி ஒரு இழுப்பு இழுத்து விடுங்கள். வெட்டுமுகத்தில் ஒட்டுவதென்றால் முதலில் தண்ணி கலந்த கம் ஒரு பூச்சு, அது உறிஞ்சிப் போன பிறகு கட்டிக் கம். முதல் பூச்சு இல்லாவிட்டால் வெட்டுமுகம் எல்லாக் கம்மையும் குடித்துவிடும்.

கடலுக்குப் போகிற பெட்டிக்குச் சாதாரண வெள்ளைக் கம் சரிவராது. தொடர்ந்து ஈரம் பட்டால் அது இளகும். அதற்குத் தண்ணிக்குத் தாங்கும் கம் என்று கேட்டு வாங்க வேண்டும், அதோடு துருப்பிடிக்காத ஸ்குரூ ஆணியும் போட வேண்டும்.

ஆடியில் செய்த மூடி கார்த்திகையில் திறக்குதில்லை

திருகோணமலையில் பெட்டி செய்கிறவருக்கு வருகிற முறைப்பாடுகளில் இதுதான் பெரிது. மாரி தொடங்கினவுடன் "அண்ணை, மூடி திறக்கேலாமல் கிடக்கு" என்று பெட்டி திரும்பி வரும். வைகாசி தொடங்கி ஆவணி மட்டும் கச்சான் காற்று அடிக்கிறது. பலகை உலர்ந்து ஒடுங்கி நிற்கிற அந்த நேரத்தில் மூடியை இறுக்கமாகப் பொருத்துகிறோம். ஐப்பசி, கார்த்திகை மழைக்குக் காற்றின் ஈரம் ஏற, பலகை விரிகிறது.

எவ்வளவு விரியும்? காற்றில் ஈரப்பதம் 60 சதவீதம் நிற்கும்போது மரத்துக்குள் ஏறத்தாழ 11 சதவீதம் ஈரம் தங்கும். காற்று 80 சதவீதத்துக்குப் போனால் மரம் 15, 16 க்கு வரும். பச்சை நிலையில் இருந்து முழுக்கக் காய்கிற வரை தேக்கு, வருடவளையத்தின் போக்கில், 5.8 சதவீதம் சுருங்கும், மகோகனி 4.1 சதவீதம். இதை வைத்துக் கணக்குப் போட்டால் 8 அங்குல அகலத் தேக்கு மூடி கச்சானுக்கும் மாரிக்கும் இடையில் ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் விரியலாம், மகோகனி ஒன்றரைக்குக் கிட்ட. இது அகலத்தில் மட்டும். நீளவாட்டில் மரம் அசைவதைப் பொருட்படுத்தவே தேவையில்லை.

சிக்கல் வருகிற இடமும் இதுதான். மூடி தன் அகலத்தில் விரிகிறது. அதே பக்கத்தில் பெட்டியின் குறுக்குப் பலகை நீளவாட்டில் கிடக்கிறது, அது விரியாது. மூடிக்குப் போக இடமில்லை.

இறுகின மூடியை உடனே சீவக் கூடாது. மாரியில் சீவினால் பங்குனி கழிந்து அதே மூடி கிலுகிலுப்பை போல ஆடும். மெழுகுதிரியை ஓரத்தில் தேய்த்துச் சமாளிக்க முடியுமா என்று பாருங்கள். முடியவே முடியாதென்றால் எந்த இடம் உரசுகிறது என்று கண்டுபிடித்து அந்த இடத்தை மட்டும் எடுங்கள். பெட்டியின் வாயில் பென்சில் கரியைத் தேய்த்து மூடியை மூடித் திறந்தால் உரசுகிற இடம் கறுப்பாகப் பதியும்.

புதிதாகச் செய்யும்போது மாதத்தைப் பாருங்கள். கச்சானில் செய்கிற மூடிக்கு அகலப் பக்கம் இரண்டிலும் ஒவ்வொரு மில்லிமீற்றர் விட வேண்டும். மாரியில் செய்கிறதை இறுக்கமாகவே பொருத்தலாம், அது பிறகு தானாக ஒடுங்கும். கணக்கே வேண்டாம் என்றால் மூடியை வாய்க்குள் இறங்க விடாமல் பெட்டிக்கு மேலே, சுற்றிவர இரண்டு நூல் வெளியே நிற்கிற மாதிரிச் செய்யுங்கள். விரிந்தாலும் ஒடுங்கினாலும் யாருக்கும் தெரியாது. மூடிக்குப் பிளைவூட் போட்டாலும் இந்தத் தொல்லை இல்லை, அது அகலத்தில் இவ்வளவு அசையாது.

இதோடு சேர்ந்த இன்னொரு குறை, மூடி நடுவால் வெடிப்பது. அடியில் குறுக்குச் சட்டம் ஒன்றை முழு நீளத்துக்கும் கம் பூசி ஒட்டியிருப்பீர்கள். மூடி ஒடுங்கப் பார்க்கிறது, சட்டம் விடுகிறதில்லை, ஏதோ ஒன்று வெடிக்கத்தான் வேண்டும். சட்டத்துக்குக் கம் வேண்டாம். நடு ஸ்குரூ ஆணியை இறுக்கமாகவும், இரண்டு ஓர ஆணிகளுக்குச் சட்டத்தில் நீள் துளையாகவும் வைத்தால் மூடி அசைய வழி கிடைக்கும். முழுப் பலகையை அடியாகப் போட்டாலும் இதே கதை. பக்கப் பலகைகளில் நீளப் பள்ளமாகக் காடி வெட்டி அதற்குள் விடுங்கள், ஒட்டாதீர்கள்.

மூடி கிண்ணம் மாதிரிக் குழிந்தால் குழிந்த பக்கம்தான் காய்ந்த பக்கம். குழிந்த முகத்தில் ஈரத் துணியைப் போட்டு, குவிந்த முகத்தை வெயிலுக்குக் காட்டி வைத்தால் சில மணி நேரத்தில் இறங்கும். இறங்கின கையோடு இரண்டு முகத்துக்கும் ஒரே அளவு வார்னிஷ் பூசாவிட்டால் மறுபடி எழும்பும். மூடியின் வெளிமுகத்துக்கு மூன்று பூச்சும் உள்முகத்துக்கு ஒன்றும் இல்லாமல் விடுவதுதான் இந்தக் குழிவுக்குப் பெரிய காரணம்.

பலகை காய்ந்துவிட்டதா என்று பார்க்க மீற்றர் தேவையில்லை. மரக்காலையில் இருந்தோ கதவு, யன்னல் செய்கிற ஓடாவியார் பட்டறையில் இருந்தோ வாங்கின துண்டுப் பலகையில் ஒன்றைச் சமையலறைத் தராசில் நிறுத்து, நிறையைப் பலகையிலேயே எழுதுங்கள். கிழமைக்கு ஒருக்கால் நிறுங்கள். இரண்டு கிழமை எடை மாறாமல் நின்றால் வேலைக்கு எடுக்கலாம். பட்டறைத் துண்டுகள் விறகு விலைக்குக் கிடைக்கிறதால் அவசரப்பட்டு வெட்டத் தோன்றும். இரண்டு தும்புக் கயிற்றில் விறாந்தைக் கூரையோடு கட்டித் தொங்க விடுங்கள், இருக்கட்டும்.

பிணைச்சல் பூட்டின பிறகு மூடி எழும்பி நிற்கிறது

கையால் அமுக்கினால் மூடுகிறது, விட்டால் எழும்புகிறது என்றால் பிணைச்சலுக்கு வெட்டின பள்ளம் ஆழம் கூடிவிட்டது. இல்லாவிட்டால் ஸ்குரூ ஆணியின் தலை மட்டத்துக்கு மேல் நிற்கிறது. முதலில் தலையைப் பாருங்கள், அதுதான் செலவில்லாத காரணம். பள்ளம் ஆழமென்றால் தீப்பெட்டி அட்டையில் ஒரு துண்டு வெட்டி அடியில் வையுங்கள். மூடியின் பின்பக்கத்தில் இடைவெளி, முன்பக்கம் சரி என்றால் பள்ளம் போதவில்லை.

மூடி ஒரு பக்கம் தள்ளி நின்றால் ஒரு பிணைச்சலை மட்டும் நகர்த்த வேண்டும். பழைய துளைக்குள் கம் தொட்ட தீக்குச்சிகளை இறுக்கி அடித்து, காய்ந்த பிறகு மட்டமாக வெட்டி, புதுத் துளை போடுங்கள். ஆணி அரை மில்லிமீற்றர் நகரப் பழைய துளை விடாது, அடைக்காமல் எத்தனை முறை பூட்டினாலும் பழைய இடத்துக்கே இழுக்கும்.

இந்தத் தொல்லை எதுவுமே வேண்டாம் என்றால், பெட்டியை ஆறு பக்கமும் மூடி ஒரே உருவாகச் செய்து, கம் நன்றாகக் காய்ந்த பிறகு சுற்றிவரக் கோடு கீறி, வாளால் மூடியைப் பிரித்தெடுங்கள். பெட்டி கோணலாக இருந்தாலும் மூடியும் அதே கோணல்தான். ஆணி, மூங்கில் குச்சி எதுவும் அந்தக் கோட்டில் வராமல் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆணி அடிக்கப் பலகை வெடிக்கிறது, அடித்த இடம் கறுக்கிறது

முதிரை, பாலை போன்ற இறுகின மரத்தில் துளைக்காமல் ஆணி அடிக்க நினைக்கவே கூடாது. மென்மரத்தில் ஆணியின் கூர்நுனியைச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி மொட்டையாக்கினால் வெடிப்பு குறையும்: கூர்நுனி நாரைப் பிளக்கும், மொட்டை நுனி நாரை வெட்டிக்கொண்டு போகும். பலகையின் முனைக்குக் கிட்டவும், ஒரே நார்க்கோட்டில் வரிசையாகவும் அடிக்க வேண்டாம். பித்தளை ஸ்குரூ ஆணி என்றால் அதே அளவு இரும்பு ஸ்குரூ ஆணியை முதலில் போட்டு எடுத்துவிட்டு, சவர்க்காரம் தேய்த்துப் பித்தளையைப் போடுங்கள். நேரே போட்டால் தலை முறிந்து உடல் உள்ளே நிற்கும்.

கறுப்பு, துரு இரண்டும் கடற்கரை ஊரின் வரி. தேக்கு போன்ற மரத்தில் இரும்பும் ஈரமும் சேர்ந்தால் ஆணியைச் சுற்றி நீலக்கறுப்புக் கறை பரவும். வார்னிஷ் பூச முன்னரென்றால் தேசிக்காய்ச் சாறு தேய்த்துக் கழுவினால் கொஞ்சம் மங்கும், ஆனால் ஆணி அங்கேயே இருந்தால் திரும்ப வரும். உப்புவெளி, நிலாவெளி மாதிரிக் கடலோர வீட்டுக்குப் போகிற பெட்டிக்குச் சாதாரண இரும்பு ஆணி போடாமல் இருப்பதே நல்லது. மூங்கில் ஆணிக்குத் துருவும் இல்லை, பெரிய விலையும் இல்லை.

பிளைவூட் ஓரம் பிய்கிறது

கைவாள் தள்ளும்போது வெட்டும், பிய்வது அடிமுகத்தில். ஆகவே நல்ல முகம் மேலே. மின்வாள், ஜிக்சோ கீழிருந்து மேலே வெட்டும், நல்ல முகம் கீழே. இரண்டுக்கும் பொதுவாக, வெட்டுக்கோட்டில் கத்தியால் ஆழமாக ஒரு கீறு போட்டு, மாஸ்கிங் ரேப் ஒட்டி வெட்டினால் போதும்.

வார்னிஷ் வெள்ளையாகப் பூக்கிறது, திட்டுத் திட்டாக நிற்கிறது

தின்னர் கலந்து பூசுகிற லாக்கரும் சீலரும் மழை நாளில் பால் நிறத்துக்குப் போகும். தின்னர் வேகமாகப் பறக்கும்போது முகம் குளிர்ந்து, காற்றிலிருக்கிற ஈரம் அதில் படிந்துவிடுகிறது. சுரண்ட வேண்டாம். வெயில் ஏறின ஒரு நாளில் முற்பகல் பத்து மணிக்குப் பிறகு தின்னரை மட்டும் மிக மெல்லியதாக ஒரு பூச்சுப் பூசினால் பெரும்பாலும் தெளியும். மாரி மாதங்களில் பின்னேரம் பூசுவதை விட்டுவிடுங்கள். மின்விசிறியை நேரே பிடித்துக் காயவைப்பதும் குளிர்ச்சியைக் கூட்டி இதே குறையைத்தான் கொண்டுவரும்.

மூட்டுக்களைச் சுற்றி வெளிர் திட்டு தெரிந்தால் அது வழிந்த கம். அந்த இடத்தில் மரம் வார்னிஷைக் குடிக்காது. வழிகிற கம்மை ஈரத் துணியால் உடனே துடைத்தால் இன்னும் பரவி நாருக்குள் இறங்கும். றப்பர் மாதிரி இறுகும் வரை விட்டு, உளியின் நுனியால் தோலாக உரித்து எடுங்கள். பூச முன்னர் பெட்டி முழுக்கத் தின்னர் துணியால் ஒருக்கால் துடைத்துப் பார்த்தால் திட்டுக்கள் அந்த ஈரத்திலேயே காட்டிக்கொடுக்கும்.

பெட்டிக்குக் கீழே தூள் கொட்டுகிறது

தூளை எடுத்து விரலில் தேயுங்கள். மாவாகப் படிந்தால் உளு என்கிற மரம் துளைக்கிற பூச்சி, பலகையில் ஊசித்துளை அளவு ஓட்டைகள் இருக்கும். மணி மணியாக விரலில் உறுத்தினால் காய்ந்த மரத்துக்குள் குடியிருக்கிற கறையான். மண்புற்று கட்டிக்கொண்டு சுவரால் ஏறி வருகிற கறையானுக்கு வழியை அடைத்தால் போதும், இதற்கு மரத்தையே பார்க்க வேண்டும்.

உளு விரும்புவது மரத்தின் வெளிப்புற வெண்பாகத்தை. றப்பர் மரத்தில் கிட்டத்தட்ட எல்லா இடமும் அதற்குச் சாப்பாடு. தேக்குத் துண்டு வாங்கும்போது ஓரத்தில் வெளிர்ப்பட்டை நிற்கிறதா என்று பார்த்து, அதை வெட்டிக் கழித்துவிட்டு எடுங்கள். வெண்காரம், போராக்ஸ் என்று கேட்டாலும் தருவார்கள், அதைச் சுடுதண்ணியில் கரைத்துப் பூசலாம். ஆனால் வெறும் மரத்தில்தான் அது உள்ளே இறங்கும். பூச்சுக்கு மேலே எத்தனை தரம் தடவினாலும் பலன் இல்லை, வார்னிஷைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

பழைய சாமான் கடையில் வாங்குகிற பலட், அதாவது சாமான் அடுக்கி ஏற்றுகிற மரத்தட்டு, அதன் பலகையில் கோதுமைக் கதிர் முத்திரையைத் தேடுங்கள். அதற்குப் பக்கத்தில் எச், ரி என்ற இரண்டு ஆங்கில எழுத்து இருந்தால், மரத்தின் நடுவரைக்கும் 56 பாகை செல்சியஸ் சூடு 30 நிமிடம் ஏற்றியிருக்கிறார்கள். எம், பி என்றிருந்தால் மெதைல் புரோமைட் புகை போட்டது, அதைச் சாப்பாட்டுச் சாமான் வைக்கிற பெட்டிக்கு எடுக்காதீர்கள். முத்திரையே இல்லாத பலகையும், எண்ணெயோ இரசாயனமோ ஊறின கறை உள்ள பலகையும் வீட்டுக்குள் வைக்கிற பெட்டிக்கு வேண்டாம். சூடேற்றின பலகையில் பழைய பூச்சி செத்திருக்கும். புதிது வராது என்பதற்கு அந்த முத்திரை உத்தரவாதம் இல்லை. கடையில் ஒரு வருடம் வெளியே கிடந்த பலட் என்றால் ஒவ்வொரு பலகையாகத் தட்டி, தூள் விழுகிறதா என்று பார்த்துத்தான் வண்டியில் ஏற்ற வேண்டும்.